அசத் போட்டோவுக்கு மாஷா அல்லாஹ் போடுற முன்னாடி

வருஷத்துக்கு ரெண்டு தடவையாச்சும் அந்த ஃபார்வர்ட் வந்துரும். யூத ரப்பியோட பேரன் இஸ்லாத்துக்கு வந்தாருன்னு ஒரு பழைய போட்டோ, கீழ வரிசையா மாஷா அல்லாஹ். சரி பாய், அவரு என்னதான் எழுதுனாருன்னு கேட்டா குரூப்பே கப்சிப்.

முஹம்மது அசத், பழைய பேரு லியோபோல்ட் வைஸ். 1900ல லெம்பர்க்ல பொறந்தவரு, இப்ப அது உக்ரைன்ல இருக்கு. ஜெர்மன் பத்திரிகைக்கு நிருபரா அரபு நாடெல்லாம் சுத்துனவரு. 1926ல பெர்லின்ல மனைவி எல்சாவோட சுரங்க ரயில்ல போறப்போ எதிர்ல நல்லா உடுத்துன வசதியான ஆளுங்க, ஆனா ஒவ்வொரு முகத்துலயும் ஏதோ வலி, அது அவங்களுக்கே தெரியல. வீட்டுக்கு வந்தா மேசைல திறந்து கிடந்த குர்ஆன்ல 'அல்ஹாகுமுத் தகாஸுர்', இன்னும் வேணும் இன்னும் வேணும்ங்கிற பேராசைய பத்தின சூரா. இத 'தி ரோட் டு மெக்கா'ல அவரே எழுதிருக்காரு. நாம மேற்குன்னு ஆரம்பிச்சாலே குடி, டைவர்ஸ், அரைகுறை டிரஸ்னு அடுக்குவோம், அவரு கண்ணுக்கு பட்டது அந்த முகங்க. இன்னைக்கு துபாய் மெட்ரோல ஏறுனாலும் அதே முகம்தான, அதுல பாதி நம்மாளுங்க!

அதுக்காக அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஓகேன்னு இல்ல. 1934ல வந்த 'இஸ்லாம் அட் தி கிராஸ்ரோட்ஸ்'ல ஐரோப்பாவோட இஸ்லாம் வெறுப்புக்கு சிலுவைப்போர்ல போய் வேர் தேடுறாரு. கண்மூடித்தனமா மேற்க காப்பியடிக்காதீங்கன்னது சரி, ஆனா மேற்கையே ஒரே கல்லுல செஞ்ச ஆளு மாதிரி பேசுறது இடிக்குது. 1939ல யுத்தம் வந்ததும் பிரிட்டிஷ்காரன் இவர எதிரி நாட்டுக்காரன்னு இந்தியாவுலயே கேம்ப்ல போட்டான், வெளிய வர 1945 ஆச்சு. உள்ள இருக்கிறப்பவே அப்பாவையும் கூடப்பிறந்தவளையும் நாஜிங்க வியன்னாவுலேந்து கொண்டுபோயிட்டானுங்க, ரெண்டு பேருமே திரும்பல. ஐரோப்பா தனக்குள்ளயே இருந்த யூதனுக்கு செஞ்சத இஸ்லாம் எதிர் மேற்குங்கிற கணக்குல எங்க வைக்கிறது? 1954ல வந்த 'ரோட் டு மெக்கா'லயாவது இதுக்கு பதில் இருக்கும்னு தேடுனேன், அந்தப் பயணம் 1932லயே நின்னுருது.

கடைசில 1980ல அவரோட குர்ஆன் மொழிபெயர்ப்பு முழுசா வந்துச்சு. சிந்திக்கிற மக்களுக்குன்னு சமர்ப்பணம் பண்ணிருக்காரு. மன்னர் இப்னு சவூதுக்கு அவ்ளோ நெருக்கமா இருந்த மனுஷன், அந்த சவூதிலயே இது முழுசா வர்றதுக்கு முன்னாடியே, 1974ல தடை போட்டுட்டாங்க. இந்த மொழிபெயர்ப்புல 21ஆவது சூரால இப்ராஹீம் நபி நெருப்பு வர்ற இடத்துல, அவங்கள நிஜமாவே நெருப்புல போட்டாங்கன்னு குர்ஆன்ல எங்கயும் இல்ல, அது உருவகம்னு அடிக்குறிப்பு எழுதுற ஆளு அவரு. இந்த இடத்துல நானே அவரோட ஒத்துப்போகல, அது வேற விஷயம்.

அடுத்த தடவ அந்த போட்டோ போடுறவங்க அந்த அடிக்குறிப்பையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூடவே போடுங்க. எத்தன மாஷா அல்லாஹ் விழுதுன்னு பார்ப்போம்.