21 நாள் கதவு தட்டியவர்கள்

கொள்ளைநோய் என்ற பேச்சு வந்தாலே "ஊரை இழுத்து மூடு, ராணுவத்தை இறக்கு" என்று எழுதுகிறார்கள். பயத்தில் எழுதுகிறார்கள், புரிகிறது. ஆனால் 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அதையும் செய்து பார்த்தாயிற்று.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் என்றொரு குடிசைப் பகுதி. ஆகஸ்டில் ஒருநாள் விடிந்தபோது வழியெல்லாம் அடைப்பு, துப்பாக்கியோடு படையினர். பல்லாயிரம் பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கூட்டம் தடுப்பை முட்டியது, படையினர் சுட்டார்கள், ஒரு சிறுவன் செத்துப்போனான். பத்து நாளில் அரசே தடையை நீக்கியது. இப்படி அடைத்தால் காய்ச்சல் கண்டவரை வீட்டுக்குள் மறைக்காமல் வேறென்ன செய்வார்கள்?

அதற்கு முந்தைய மாதம், ஜூலை 20 அன்று, லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸில் இறங்கியதும் சுருண்டு விழுந்தார். மலேரியா என்று சேர்த்திருந்தவரை மறுநாள் பார்த்த டாக்டர் அமெயோ ஸ்டெல்லா அடாடெவோ, இது எபோலாவாக இருக்கலாம் என்று பிடித்துக்கொண்டார். மாநாட்டுக்குப் போக வேண்டியவர், அனுப்பிவிடுங்கள் என்று லைபீரிய அதிகாரிகள் நெருக்கினார்கள். அடாடெவோ அனுப்பவில்லை. அதே நோயில் ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். அவர் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கால் தேய நடந்து செய்த வேலை. எபோலா உடம்பில் புகுந்தால் 2 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும். அறிகுறி வரும்வரை அடுத்தவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து 21 நாள் தினமும் காய்ச்சல் பார்த்தால் சங்கிலி அறும். அப்படிப் பழகியவர்கள் ஏறத்தாழ 890 பேர். அவர்கள் கதவைச் சுமார் 18,500 முறை தட்டியிருக்கிறார்கள். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே பழகியிருந்த ஆட்களும் ஏற்பாடும் கைகொடுத்தன. கோடிப்பேர் நெருக்கியடித்து வாழும் நகரத்தில் இறங்கிய நோய், நாடு முழுவதற்குமாக 20 பேரோடு நின்றது, இறந்தவர்கள் 8. (தடுப்பூசி அப்போது கையில் இல்லை. 2015இல் கினியாவில் சோதித்தபோதும் நோயாளியைச் சுற்றியிருந்தவர்களைத் தேடிப்போய்த்தான் போட்டார்கள்.)

இன்னொன்று, சாவுச் சடங்கு. எபோலாவில் இறந்த உடம்பில்தான் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அந்த உடம்பைக் கழுவி, தொட்டு அழுது அனுப்புவது அங்குள்ளவர்கள் வழக்கம். மன்ரோவியாவில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவு போட்டார்கள். மருத்துவக் கணக்குக்கு அது சரி. ஆனால் எரிக்கும் பழக்கமே இல்லாத ஜனம். மார்ச் மாதம் இரண்டாம் புதன்கிழமை முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து அலங்கரிப்பதற்கென்றே அரசு விடுமுறை விடும் நாடு. பிணத்தைத் தூக்கிப்போக விடுவார்களா? ரகசியமாகப் புதைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள எத்தனை உயிர் போக வேண்டியிருந்தது! கொள்ளைநோய் முடிவதற்குள் கினியா, லைபீரியா, சியரா லியோன் என மூன்று நாடுகளில் 11,000க்கும் மேல் இறந்தார்கள். நோய் பரவிக்கொண்டிருந்தபோதே, 2014 நவம்பரில், நெறிமுறை மாறியது: பாதுகாப்பு உடை அணிந்த குழு உடலைக் கையாளட்டும், குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கட்டும், பாதிரியோ இமாமோ பிரார்த்தனை செய்யட்டும். மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் நிலம் ஒதுக்கி, 2014 டிசம்பரில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பின் இறந்தவர்களின் வீட்டாருக்கு, அடுத்த மார்ச்சில் போய் நிற்க ஒரு கல்லறை இருந்தது.