பேஜோ நமுக்குது, கேமராவ எறக்கு!

நேத்து சாயங்காலம் ஏழு மணி, சென்னை பாரிமுனையில செகண்ட் லைன் பீச் தெரு. அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், விக்கிற வண்டி முன்னாடி பதினோரு பேரு. பன்னெண்டாவதா வந்து நின்னது ஒரு யூடியூப் பையனோட ரிங் லைட்டு.

"ஹாய் மக்களே!"

முடிஞ்சுது. அதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் அந்த வண்டியில ஒருத்தருக்கும் ஒரு தட்டு ஒழுங்கா கைக்கு வரல. பசியில நிக்கிறவன் எல்லாம் அவனுக்கு பேக்கிரவுண்டு. நடுவுல ஒரு பெரியவர் செருமுனாரு. உடனே, "அங்கிள், ஆடியோ போயிடும், கொஞ்சம் சைலன்ஸ்." நடுத்தெருவுல, ஆட்டோ ஹாரனுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவுல, செருமுனா ஆடியோ போயிடுமாம்.

அத்தோன்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா அவன் இப்படிப் பண்ணியிருக்க மாட்டான். அது அவசரத் தீனி. கலக்க ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷத்துல துன்னு முடிச்சிடணும். வேக வெச்சு எண்ணெய் தடவி ஆற வெச்ச நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. மேல முடி மாதிரி சீவுன பச்ச முட்டகோஸு, வெங்காயம். அப்புறம் செவக்கப் பொரிச்ச வெங்காயமும் பூண்டும், உப்பு, இடிச்ச வர மொளகா, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. அது மேல புளித்தண்ணி, பூண்டு பொரிச்ச எண்ணெய். கையாலதான் பெசையணும். கரண்டியால கிண்டுனா மாவு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம்னு நிக்கும். கடைசியா கொத்தமல்லி, எலுமிச்ச ரெண்டு சொட்டு, பேஜோன்னு மொறுமொறுன்னு பொரிச்ச பருப்புத் தட்டைய உள்ளங்கையில வெச்சு ஒரே நொறுக்கு. தட்டு கைக்கு வந்ததும் வாய்க்குப் போயிடணும்.

ஏன்னா உப்பும் புளியும் பட்ட நிமிஷத்துலேர்ந்து முட்டகோஸு தண்ணி வுட ஆரம்பிச்சிடும். பொட்டுக்கடலை மாவு போடுறதே புளியையும் எண்ணெயையும் குடிச்சு நூடுல்ஸோட ஒட்டிக்கத்தான். கொஞ்சம் லேட்டானா அதே மாவு கோஸு வுட்ட தண்ணியையும் குடிச்சு ஊதி, பசை மாதிரி ஆயிடும். நோட்டீஸ் ஒட்டலாம். பேஜோ கதை கேக்கவே வேணாம், நமுத்த அப்பளம்.

இப்ப நம்ம டைரக்டர் சார் எடுத்த டேக்குங்கள கேளுங்க.

மொத டேக்கு. கடைக்கார அண்ணன் பெசைய ஆரம்பிக்கிறாரு. "ணா, ஸ்டாப் ணா! அப்படியே மேல தூக்கிப் போட்டு புடிங்க ணா, செமயா இருக்கும்." அத்தோவ எவன்யா தூக்கிப் போட்டுப் புடிச்சான்? இருந்தாலும் அண்ணன் நல்ல மனுஷன், தூக்கிப் போட்டாரு. பாதி தாம்பாளத்துல, மீதி தரையில.

ரெண்டாவது டேக்கு. புளித்தண்ணி ஊத்துறது ஃபோகஸ் ஆகலியாம். "அதுலயே இன்னொரு வாட்டி ஊத்துங்க ணா." ஊத்துனாரு. ஸ்லோ மோஷனுக்காக இன்னும் ஒரு வாட்டி ஊத்துனாரு. ஒரு தட்டு அத்தோவுல மூணு தட்டு புளி. துன்னா பல்லு கூசி ராத்திரி தூக்கம் வராது.

மூணாவது டேக்கு பேஜோ நொறுக்குற சத்தம். "மைக்குகிட்ட ணா." ஒண்ணு நொறுக்குனாரு. "இன்னும் கிரிஸ்ப்பா ணா." இன்னொண்ணு. மொத்தம் அஞ்சு பேஜோ சத்தத்துக்கே போச்சு. அந்த அஞ்சும் வரிசையில நிக்கிற அஞ்சு பேரோட பேஜோ!

நாலாவது டேக்குலதான் எல்லாருக்கும் தலை சுத்துச்சு. தட்டு முன்னாடி கேமராவ வெச்சுக்கிட்டு பையன் யோசிக்கிறான், யோசிக்கிறான், அப்புறம் கேக்குறான்: "ணா, பொகையே வரலியே... தவால போட்டு சூடு பண்ண மாட்டீங்களா?"

வரிசையே ஒரு செகண்டு அமைதியாச்சு. அத்தோவுல பொகை எப்படிடா வரும்? அது பர்மாக்காரன் கையால பெசையிற சாலட்டுடா. அந்த ஊர் பாஷையில 'தோக்'னாலே கையால கலக்குறதுதான். சூடு பண்ணா அது அத்தோ இல்ல, கல்யாண வீட்டு ஃப்ரைடு நூடுல்ஸு.

ஆனா டைரக்டருக்குப் பொகை வேணும். அதனால பக்கத்துல இருந்த வாழத்தண்டு சூப்பு அண்டாவத் தொறந்து வெச்சு, அந்த ஆவிய அத்தோ தட்டுக்குப் பின்னாடி வர மாதிரி எடுத்தான். எத்தினி நிமிஷம்? பத்து. பத்து நிமிஷமும் அண்டா தொறந்தே கெடந்துது. அந்தப் புளிப்பும் காரமும் தொண்டையில ஒட்டாம கழுவி எறக்குறதுக்குத்தான் அந்த சூப்பே, கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் வேலைக்காவும். அதையும் ஆற வெச்சுட்டான் பாவி.

பின்னாடிலேர்ந்து ஒரு குரல்: "தம்பி, எனக்கு கும்மிடிப்பூண்டி வண்டி கீதுபா. வுட்டா அடுத்ததுக்கு எத்தினி நேரம் தெரியுமா?" அதுக்கு பதில் என்ன தெரியுமா? "ஜஸ்ட் டூ மினிட்ஸ் அங்கிள், சேனலுக்கு ஒரு சப்போர்ட் பண்ணுங்க."

அப்புறம் துன்னான். துன்னான்னு சொல்லக் கூடாது. ஒரு இழை எடுத்து வாயில வெச்சு, கண்ண மூடி, தலைய ஆட்டி, "மக்களே, வேற லெவல் சைனீஸ் ஃப்ளேவர்!"

சைனீஸாம்! நிக்கிற எடம் பர்மா பஜாருக்குப் பின்னாடி. பர்மாவுல 1962ல ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம், தலைமுறையா அங்க பொழச்ச நம்ம சனம் கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்குச்சு. கையில காசு கொண்டாற முடியல, கைப்பக்குவத்த எவன் புடுங்க முடியும்? அப்படி வந்த சாப்பாடு இது. அங்க 'பே'ன்னா பருப்பு, 'ஜோ'ன்னா பொரிச்சது. அங்க மொய்ங்கான்னு காலங்காத்தால குடிக்கிற மீன் சூப்புலயும் வாழத்தண்டு கெடக்கும். இங்க மீன வுட்டுட்டு தண்ட மட்டும் வெச்சுக்கிட்டு அத்தோவுக்குத் தொணையா ஆக்கிட்டாங்க. இத்தினி கதைய அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேட்டாத்தான?

முட்ட மசாலா வேற பாக்கி. அவிச்ச முட்டைய நடுவுல கீறி, பொரிச்ச வெங்காயம், பூண்டு, மொளகாத்தூளு, உப்பு திணிச்சு, மேல புளித்தண்ணியும் எண்ணெயும் வுட்டுத் தருவாங்க. அதுக்கு ஒரே சட்டம்தான்: முழுசா வாயில போடு, அப்புறம் வாயத் தொறக்காத. நம்மாளு கேமராவுக்கு உள்ள இருக்கிறதக் காட்டணும்னு பாதிய கடிச்சான். மஞ்சக்கரு உதிர்ந்து, புளித்தண்ணி மணிக்கட்டுல எறங்கி முழங்கையில சொட்டி, வெள்ளச் சட்டையில செவப்பா ஒரு மேப்பு. இது ஒண்ணுதான் அந்த நாப்பது நிமிஷத்துல கெடச்ச ஆறுதல். கும்மிடிப்பூண்டி அங்கிள் கூட சிரிச்சாரு. வண்டி போனப்புறம்தான் சிரிச்சாரு, அது வேற.

அவனோட சேனல்ல 'வட சென்னை ஒன் டே பிளான்'னு ஒண்ணு ஏற்கனவே கீது. கால் மணி நேரம், பூரா பொய். ராயபுரம் ஸ்டேஷன் இந்தியாவுலயே மொத ஸ்டேஷனாம். டேய், பம்பாயில 1853லயே ரயில் ஓடிடுச்சு. ராயபுரம் 1856, தென்னிந்தியாவுக்கு மொதல்ல, இங்கேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும். அந்தக் கட்டடம் இன்னும் நிக்கிறதே பெருமதான், அதுக்கு மேல எதுக்குடா பீலா?

அடுத்தது காசிமேடு மீன் மார்க்கெட்டு. "ஞாயித்துக்கெழம நிதானமா பத்து மணிக்குப் போங்க மக்களே." போங்க, போங்க. ஏலம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். பத்து மணிக்குப் போனா வெயில்ல வதங்குன சங்கராவும், ஐஸுல ரெண்டு நாள் கெடந்த வஞ்சிரமும்தான் உங்களப் பாத்து சிரிக்கும். செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்தச் செவப்பா இருக்கணும். வயித்த அழுத்துனா பள்ளம் வுழாம எழும்பணும். சில்லறையா கொஞ்சம் வாங்குனா தராசு கெடயாது, கூறுதான். பேரம் பேசலாம், ஆனா அக்காங்ககிட்ட பாதி வெலைக்குக் கேட்டீங்கன்னா அப்புறம் கெடைக்கிற வசனத்துக்கு நான் பொறுப்பில்ல. வெட்டுக்கூலி தனி. வெள்ள ஷூ போட்டுக்கிட்டுப் போவாதீங்க. இதுல ஒண்ணு கூட அவன் சொல்லல. அந்த வீடியோவ அவன் போட்டது மே மாசம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு ஒண்ணு கூட கடலுக்குப் போவாது. சின்னப் படகு கொண்டாரதுதான் மீனு, அவங்க சொல்றதுதான் வெல. அந்த நேரத்துல போயி "பட்ஜெட் ஃப்ரெண்ட்லி"ங்குறான்.

இன்னும் கேளுங்க. கோடவுன் தெருவுல துணி வாங்கவும் அதே ஞாயித்துக்கெழமையாம். ஷட்டரத்தான் தடவிப் பாக்கணும். அப்புறம் மின்ட் ஸ்ட்ரீட்டுல முறுக்கு சாண்ட்விச்ச 'பார்சல் வாங்கிக்கோங்க'ன்னு சொல்றான். ரெண்டு முறுக்குக்கு நடுவுல தக்காளி, வெள்ளரி, சட்னி வெச்சதப் பார்சல் பண்ணி வீட்டுக்குக் கொண்டு போனா என்னாவும்? மாவாவும்.

சரி, செகண்ட் லைன் பீச்சுக்கு வருவோம். ஏழே முக்காலுக்கு லைட்டு அணைஞ்சுது. "தாங்க்ஸ் ணா, டேக் பண்றேன் ணா"ன்னு பையன் பொட்டி கட்டுறான். அவன் வெச்சுட்டுப் போன தட்டுல பசை. அண்ணன் அத குப்பையில கொட்டிட்டு, டப்பாவ எட்டிப் பாத்து, ரொம்ப மெதுவா சொன்னாரு: "பேஜோ தீந்துடுச்சுபா. வேணும்னா பேஜோ இல்லாம கலக்கித் தர்றேன்."

கோவம் வரணும். வரல. பதினோரு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு, "சரி, இன்னா பண்றது, குடு"ன்னு ஆயிடுச்சு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு பாதிப்பேரு பார்சலுக்கு மாறிட்டாங்க.

பார்சல்னதும்தான் ஞாபகம் வருது. அந்த சூப்பு கவருக்கு ஒரு முடிச்சு போடுறீங்களே அண்ணே, அது இன்னா முடிச்சு? யாரு கத்துக் குடுத்தா? காத்த அடச்சு, கவர்வாய முறுக்கி, நூல எட்டு சுத்து சுத்தி, கடைசி நுனிய எங்கதான் சொருகுறீங்க? நகத்தால முடியல, பல்லால முடியல, வீட்டு சாவியால குத்தியும் முடியல. கடைசியில கத்தரிக்கோல் போட்டா கவரு கிழியுது, சூப்பு பூரா தரையில. முடிச்சு மட்டும் கட்டுனது கட்டுனபடியே கீது.