யாரைப் "பிள்ளை" என்கிறோம்?

நாற்பது வயதுப் பெண்ணை "அந்தப் பிள்ளை" என்று பொது இடத்தில் சொல்வதை நாம் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்குள் பாட்டி சொல்லட்டும், பெரியம்மா சொல்லட்டும். ஆனால் ஒரு பெண் தன் வேலையைச் செய்கிற இடத்திலும், கருத்துச் சொல்கிற இடத்திலும், அவளைப் பற்றி நாலு பேர் முடிவெடுக்கிற இடத்திலும் அந்தச் சொல் வேண்டாம். பல காலமாக மனத்துக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம் இது. இன்று எழுதிவிடுகிறேன்.

சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் காய்கறிக்கடை அம்மா "என்ன பிள்ளை, ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டு, முருங்கைக்கீரையோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா வைத்துக் கொடுத்தால் அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்துவிடும். அங்கே அது உறவு. தோழிகள் ஒன்றுகூடும்போது தங்களைத் தாங்களே "கேர்ள்ஸ்" என்று சொல்லிக்கொண்டால் அதுவும் அவர்கள் உரிமை. வெளியிலிருந்து யாரும் திருத்தப் போக வேண்டாம்.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு சமூக நிகழ்ச்சிக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கணக்கைப் பார்த்துக்கொண்டவர் தணிக்கைத் துறையில் நெடுங்காலம் வேலை செய்யும் பெண். உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உணவுக்கு வந்த விலைப்புள்ளியில் பொருள் சேவை வரி சேர்க்கப்படவில்லை, அதைச் சேர்த்தால் நம் கையிருப்பு போதாது என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். தலைமை தாங்கியவர் நல்ல மனிதர், யாரையும் புண்படுத்த நினைக்காதவர். அவர் சொன்னார்: "பிள்ளை சொல்வது சரியாக இருக்கலாம். எதற்கும் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவோம்." அந்த "அவர்" யார் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர். அவரும் பார்த்தார், அதே விடையைச் சொன்னார். உடனே தலைவர் முகமலர்ச்சியோடு, "பார்த்தீர்களா, பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது" என்றார்.

சொல்லியிருக்கிறது. சொல்லியிருக்கிறார் என்று வரவில்லை, சொல்லியிருக்கிறாள் என்றுகூட வரவில்லை. பையன் என்றால் வந்தான், போனான் என்கிறோம். பிள்ளை என்று ஆரம்பித்தால் வாய் தானாகவே வந்தது, போனது என்று முடிக்கிறது. கைக்குழந்தைக்கு அது கொஞ்சல். கணக்கைத் திருத்திக் கொடுத்த பெண்ணுக்கு அதையே சொல்லும்போது அவருடைய உயர்திணையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறோம். அதன் பிறகு அவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் அது செல்லுபடியாகிறது. அன்று அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கோப்பை மூடி, பேனாவை அதன்மேல் வைத்தார். கூட்டம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. நிகழ்ச்சிக்கு அவரால் கிடைத்திருக்கக்கூடிய இன்னும் எத்தனையோ நல்ல யோசனைகள் அந்தக் கோப்போடு மூடிக்கொண்டன என்றே நான் நினைக்கிறேன்.

இது தமிழர்கள் மட்டும் செய்வதல்ல. 1972இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கியதிலிருந்து "சிங்கப்பூர் கேர்ள்" என்று அழைக்கப்படும் விமானப் பணிப்பெண்தான் அந்த நிறுவனத்தின் முகம். 1993இல் லண்டன் மேடம் துஸாட்ஸ் அரும்பொருளகத்தில் அவளுக்கு மெழுகுச் சிலையே வைத்தார்கள். ஆபத்து நேரத்தில் பயணிகளை விமானத்திலிருந்து வெளியேற்றப் பயிற்சி பெற்ற பெண்கள் அவர்கள். அதே விமானத்தில் அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு அப்படியொரு பட்டம் வைக்க வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? மருத்துவமனையில் ஐம்பதைத் தாண்டிய தாதியும் நமக்கு "மிஸ்ஸி"தான், அதாவது சின்னப் பெண்தான்.

"ஆண்களையும்தான் பையன் என்கிறோம்" என்பார்கள். என்கிறோம், மறுக்கவில்லை. ஆண்களுக்குக் கட்டாயமான தேசியச் சேவைக்குப் போகும் பதினெட்டு வயதுக்காரனை ஊரே பையன் என்கிறது. ஆனால் அவனுக்கு ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு ஆண்டு முடித்து வெளியே வந்ததும் "ஆளாகிவிட்டான்" என்கிறோம். பெண்ணுக்கு அதே வார்த்தையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சொல்லிவிடுகிறோம். மண்டபம் எடுத்து, மஞ்சள் நீராட்டி, "ஆளாகிவிட்டாள்" என்று அறிவிக்கிறோம். அவள் உடம்பு வளர்ந்ததற்குத்தான் அந்தக் கொண்டாட்டமெல்லாம். படித்ததற்கும் சம்பாதித்ததற்கும் பொறுப்பேற்றதற்கும் அப்படியொரு வாசலே கிடையாது. அடுத்த வாசல் கல்யாணம் ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால்? இந்த ஊரில் மணமாகாதவர் பொதுவாக 35 வயது ஆன பிறகே தம் பெயரில் தனியாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க முடியும். அப்படி வாங்கி, கடன் கட்டி, பெற்றோரையும் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர். உறவினர் வட்டத்தில் அவர்கள் இன்னும் "பாவம், அந்தப் பிள்ளை". புதுமனை புகுவிழாவுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டே இப்படிச் சொல்கிறார்கள்.

பேதை, பெதும்பை, மங்கை என்று தமிழில் ஏழு பருவப் பெயர்கள் இருக்கின்றனவே என்று யாராவது நினைவூட்டலாம். அந்த வரிசை உலா இலக்கியத்தில் வீதியில் பவனி வரும் தலைவனைப் பார்த்து மயங்கும் பெண்களை அடுக்குவதற்குப் பயன்பட்டது. அதுவும் நாற்பதோடு நின்றுவிடுகிறது. நம் அலுவலகத்துக்கு அது உதவாது.

இதைவிட எனக்கு அதிகம் வலிப்பது இல்லப் பணிப்பெண்களின் விஷயம். "எங்கள் வீட்டு வேலைக்காரப் பிள்ளை" என்று எவ்வளவு சரளமாகச் சொல்கிறோம். முதன்முறையாக இந்த வேலைக்கு வருபவருக்குக் குறைந்தது 23 வயது ஆகியிருந்தால்தான் இங்கே அனுமதியே கொடுப்பார்கள். ஆக, சட்டப்படி வரும் இவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை அல்ல. எங்கள் புளோக்கில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் வேலை செய்கிறார். நாற்பதை நெருங்குகிறார், மகன் ஊரில் கல்லூரியில் படிக்கிறான். பக்கவாதத்தில் விழுந்த முதியவரைத் தூக்கி உட்கார வைப்பதும், சர்க்கரை அளவு பார்த்து இன்சுலின் போடுவதும், அவருக்கு மூச்சுத் திணறினால் நள்ளிரவில் ஆம்புலன்ஸை அழைப்பதும் அவர்தான். ஓர் உயிரை நம்பி அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா மின்தூக்கி அருகில் என்னிடம் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவதில்லை. பிள்ளை கெட்டுப்போய்விடும்."

அங்கேதான் இந்தச் சொல் தன் வேலையைக் காட்டுகிறது. பிள்ளை என்று சொல்லிவிட்டால் நாம் காப்பாளர் ஆகிவிடுகிறோம். அவர் யாரோடு பேசலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கைப்பேசியை எப்போது கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் நமக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். 2013 முதல் வாராந்திர ஓய்வுநாள் சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பதில் பணம் கொடுத்துச் சமாளித்தவர்கள் பலர் என்பதால் 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்று விதியாகிவிட்டது. வளர்ந்த பெண் தன் விடுமுறை நாளில் வெளியே போவதற்கு, சட்டம் குறுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. "பெண்" என்று மனத்தில் பதிந்திருந்தால் "விடுவதில்லை" என்ற வினையே நாக்கில் வந்திருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையிலேயே பிள்ளையாக இருப்பவளை, பழி சுமத்த வேண்டிய நேரம் வந்ததும் பெண் ஆக்கிவிடுகிறோம். பதினைந்து வயது மாணவியிடம் வளர்ந்த ஆண் ஒருவன் தப்பாக நடந்துகொண்டான் என்று செய்தி வருகிறது. உணவங்காடியில் காப்பி குடித்தபடி நம்மவர்கள் பேசுவதைக் கேளுங்கள்: "அந்தப் பெண்ணுக்கு அறிவு எங்கே போனது? அவள் ஏன் அவனோடு பேசினாள்?" இங்கே பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்மதித்தாலும் அது குற்றம்தான். சட்டம் அவளைச் சிறுமியாகப் பார்க்கிறது, நம் பேச்சு பார்க்க மறுக்கிறது. தணிக்கையாளர் பிள்ளை, பதினைந்து வயது மாணவி பெண். மரியாதை தர வேண்டிய இடத்தில் வயதைக் குறைக்கிறோம், பாதுகாப்புத் தர வேண்டிய இடத்தில் கூட்டுகிறோம். எனக்கு இதைவிடக் கோபமூட்டும் வழக்கம் வேறில்லை.

அப்படியானால் எந்த வயதில் மாற்றுவது? பதினெட்டு வரை தயங்காமல் சிறுமி, பிள்ளை, மாணவி. அதிலும் இளம்பெண் என்று பூசி மெழுக வேண்டாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரிடம் எனக்கும் கொஞ்சம் இழுபறி உண்டு. அவர்களை மாணவி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வேலைக்கு வந்துவிட்டால் பெண், அல்லது செய்கிற வேலையின் பெயர். நம் செய்தித்தாள்கள் "மாது" என்று எழுதுவது பேச்சில் ஒட்டாது, தெரியும். ஆனால் அங்கே "அவர்" என்று முடிக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தீபாவளி நிகழ்ச்சிகளுக்கு நெறியாளர் குறிப்பு எழுதப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடைக்கு வரும் பெண்ணுக்குத் திருவாட்டியா குமாரியா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், ஊகிக்காமல் அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். பெயரைச் சரியாக உச்சரியுங்கள். பக்கத்தில் நிற்கும் ஆணின் பதவியைச் சொன்னால் அவருடைய பதவியையும் சொல்லுங்கள். "இந்தப் பிள்ளை நன்றாகப் பேசும்" என்ற வரி குறிப்பில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.