மழைக்காலத்தை விட்டுவிட்டு எடுக்கிற கணக்கு

அனல்மின் நிலையமோ துறைமுகமோ வருகிறது என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று போடுவார்கள். தூசி எவ்வளவு பறக்கும், சாம்பல் எங்கே போகும், எத்தனை மரம் நடுவோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். காலநிலை மாற்றம்? பெரும்பாலும் ஒரு பத்தி, அதுவும் மரம் நடுவதிலேயே முடிந்துவிடும்.

இந்த மதிப்பீடு மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி நடக்கிறது. வழக்கமாக 10 கிலோமீட்டர் சுற்றளவு, ஒரு பருவத்தின் தரவு, அதுவும் மழைக்காலம் தவிர்த்து. தூசியை அளக்க அது சரி, மழை பெய்தால் தூசி அடங்கிவிடும். ஆனால் நம்மைப் புரட்டிப்போடுவதே மழைதானே! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதே தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடியில், பல வருடம் முன்பே அனுமதி வாங்கிய 1320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

அடுத்தது புகை. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 900 கிராம் கரியமில வாயு வரும். 1320 மெகாவாட் நிலையம் 70 சதவீதத் திறனில் ஓடினாலே வருடத்துக்கு 70 லட்சம் டன்னைத் தாண்டும். அது 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிற்கப்போவதில்லை.

2017-ல் உத்தராகண்டிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி இதையெல்லாம் கேட்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். அனுமதி தரும்போது, காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று நினைக்க முகாந்திரம் இல்லை என்று 2019-ல் வழக்கை முடித்துவிட்டார்கள். எடுக்கிறார்கள் என்றால் அறிக்கையில் காட்ட வேண்டியதுதானே? 2024 மார்ச்சில், கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கப் போட்ட வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் மக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூனில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், எடுக்கிற எண்ணெயை எரிக்கும்போது வரும் புகையையும் மதிப்பிடாமல் ஒரு எண்ணெய்க் கிணற்றுக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்றது. நமது அறிவிக்கை இன்னும் அசையவில்லை.

கரண்ட் வேண்டாமா என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். வேண்டும். நான் கேட்பது புகையின் கணக்கை அறிக்கையில் எழுதச் சொல்லித்தான். அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் தருவதே திட்டக்காரர்கள், தானாக அவர் எழுதமாட்டார்.

அதனால் உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தால் (குறைந்தது 30 நாள் முன்னே அறிவிக்க வேண்டும், தமிழ்ச் சுருக்கமும் தர வேண்டும்) இரண்டே கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை டன் கரியமில வாயு, 95 சென்டிமீட்டர் பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் போகும்? போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம், அதையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.