இரண்டாவது கியரிலேயே முடிந்த டெஸ்ட் டிரைவ்

ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஆறு கியரும் கொண்ட சிறிய காரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நண்பனையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிண்டிப் பக்கம் ஒரு ஷோரூமுக்குச் சென்றிருந்தேன். டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் கருவி. எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் அதன் குணமே தெரியும். ஆனால் எங்களுக்கு வாய்த்ததோ, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, மாநகரப் பேருந்தின் பின்னால் ஊர்ந்து, அடுத்த யூ-டர்னில் திரும்பிவிடும் பாதை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஒரு சுற்றே சுமார் 3.7 கிலோமீட்டர், நாங்கள் ஓட்டியது அந்த ஒரு சுற்றுக்குக்கூடத் தேறவில்லை.

பக்கத்து இருக்கையில் அமர்ந்த விற்பனைத் தம்பி ஏறியதுமே ஏசியை முழு வேகத்தில் வைத்து, பாட்டையும் அலறவிட்டு, "சவுண்ட் சிஸ்டம் எப்படி சார்?" என்றார். எஞ்சின் சத்தத்தைக் கேட்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? பின்னிருக்கையில் முழங்காலைத் தாடைவரை மடக்கி உட்கார்ந்திருந்த நண்பன் தன் முறை எப்போது என்று கேட்டபோது, ஒரு பதிவுக்கு ஒருவர்தான் ஓட்டலாம் என்று பதில் வந்தது. மூன்றாவது கியருக்கு ஒருமுறை கை போனது. அதற்குள், "சார், மெதுவா" என்றார்.

பெட்ரோல் விளக்கு வேறு தொடக்கத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. வீடு திரும்புவதற்குள் மூன்று அழைப்புகள்: "எப்ப சார் புக் பண்றீங்க?"