சுற்றுலாவை மட்டும் நம்பலாமா?

இந்தோனேசியாவின் சிறு தீவுக் கிராமங்களுக்குச் சுற்றுலாதான் ஒரே எதிர்காலம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலிக்குத் தென்கிழக்கே இருக்கும் நுசா லெம்போங்கான் தீவையே பாருங்கள். 1980களிலிருந்து அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது கடற்பாசி. ஆழமில்லாத கடலில் முளைக்குச்சி நட்டு, கயிறு இழுத்து, அதில் பாசித் துண்டுகளைக் கட்டிவிடுவார்கள். கட்டும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. ஒன்றரை மாதத்துக்குள் அறுவடை. காய்ந்த பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது.

அப்புறம் விடுதிகள் வந்தன. கயிறுகளைச் சுருட்டி வைத்துவிட்டு இளைஞர்கள் படகோட்டவும் அறை சுத்தம் செய்யவும் போனார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், கையில் காசு அதில்தான் சீக்கிரம் வரும். ஆனால் 2020இல் கொரோனாவால் பயணிகள் வரத்து நின்றதும் என்ன ஆயிற்று? பலர் மறுபடி கடலில் இறங்கிப் பாசி கட்டினார்கள்.

பாசியிலும் தொல்லை உண்டு. தண்ணீர் சூடானால் தண்டு வெளுத்து இற்றுவிடும்; விலையையும் வாங்குபவர்தான் சொல்வார். 2015 முதல் மத்திய அரசு கிராமங்களுக்குத் தரும் 'டானா டேசா' நிதியில் உலர்களமும் கிடங்கும் கட்டிக்கொண்டால், மழைக்குப் பயந்து கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. இந்த நிதியைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.