ஷார்ஃப் பதக்கம்: அசலா, வார்ப்பு நகலா?

வியன்னா பதக்கக் கலைஞர் அன்டன் ஷார்ஃப் (1845–1903) பற்றிய கட்டுரை அருமை. சுவிஸ் எழுத்தாளர் கோட்ஃப்ரீட் கெல்லரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு 1889இல் ஓவியர் பொக்லினின் வடிவமைப்பை வைத்து ஷார்ஃப் செய்த பதக்கத்தையும் சேர்த்திருக்கலாம். அவருடைய உச்சங்களில் அதுவும் ஒன்று.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எஃகு அச்சில் அடித்த அசலைக் களிமண்ணிலோ ரப்பரிலோ அச்செடுத்து வார்த்த நகல்கள் சந்தையில் உண்டு. வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். அதனால் 80 மி.மீ. பதக்கத்தின் நகல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறையும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, பதக்கப் பட்டியல்களில் பதிவான அசலின் அளவோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸ். பதக்கத்தில் உள்ள உருவத்தின் கழுத்துக்கு அருகே அல்லது ஓரத்தில் இருக்கும் கலைஞரின் கையொப்ப எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். மழுங்கியிருந்து, தலைமுடி இழைகளுக்கு இடையே ஊசிமுனைக் குழிகளும் தெரிந்தால் அது வார்ப்பு. ஓரத்தில் அரம் போட்ட கீறலும் அப்படித்தான். ஆனால் முதலிலேயே வார்ப்பாக உருவான பதக்கங்களும் தகடுகளும் அந்தக் காலத்தில் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. அளவுதான் முக்கியச் சாட்சி.

தயவுசெய்து பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் துலக்காதீர்கள். பதக்கத்தின் மேலிருக்கும் பழுப்புப் பூச்சு பட்டறையிலேயே ரசாயனத்தால் ஏற்றியது. போனால் முகத்தின் மெல்லிய மேடுபள்ளம் கண்ணுக்கே தெரியாது.